கருப்புச் சாயநீரும் தென்னை நார்க்கழிவும்: ஒரு நிறநீக்கச் செய்முறைப் பதிவு

மெத்திலீன் நீலத்தைக் கொண்டு தொடங்கியதால் எங்களுக்கு இரண்டு மாதங்கள் வீணாயின. சாயக்கழிவு நீரிலிருந்து நிறத்தை மலிவான பொருள்களால் பிரித்தெடுக்க முயலும் பலரும் முதலில் கையில் எடுப்பது அந்தச் சாயத்தைத்தான். எல்லாக் கல்லூரி ஆய்வகங்களிலும் அது இருக்கிறது, தண்ணீரில் உடனே கரைகிறது, 664 நானோமீட்டர் அலைநீள ஒளியில் தெளிவாக அளக்கவும் முடிகிறது. ஈரோடு மாவட்டத்தில் வேதியியல் கற்பிக்கும் நானும், முதுநிலை இறுதியாண்டு மாணவியர் இருவரும் அதையே செய்தோம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் சாயம் கொண்ட கரைசலில் 100 மில்லிலிட்டர் எடுத்து, அதில் சலித்த தென்னை நார்க்கழிவு 0.2 கிராம் போட்டு ஒரு மணி நேரம் குலுக்கினோம். 94 விழுக்காடு நிறம் போயிருந்தது. மூவரும் மகிழ்ந்தோம். அதன் பிறகு, சென்னிமலைப் பக்கம் கைத்தறிக்குச் சிட்டம் நூல் (கட்டாகச் சுற்றிய நூல்) சாயம் போடும் சிறிய பட்டறை ஒன்றிலிருந்து ஐந்து லிட்டர் கேனில் கொண்டுவந்த கருப்புச் சாயநீரில் அதே நார்க்கழிவைப் போட்டோம். நிறம் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் குறையவில்லை. போதாக்குறைக்கு, கருநீலமாக இருந்த நீரின் ஓரத்தில் தேநீர்ச் சாயல் ஏறியிருந்தது.

காரணம் புரிய நேரமாகவில்லை. மெத்திலீன் நீலம் நேர்மின்சுமை கொண்ட சாயம். நார்க்கழிவில் இருக்கும் லிக்னின், செல்லுலோஸ் ஆகியவற்றின் அமிலத் தொகுதிகள் நீரில் எதிர்மின்சுமை கொள்கின்றன. ஒன்றையொன்று இழுப்பது இயல்பே. ஆனால் பருத்திக்கு இன்று பெரும்பாலும் போடப்படும் ரியாக்டிவ் சாயங்கள் (நூலோடு வேதிப்பிணைப்பால் சேர்பவை) சல்போனேட் தொகுதிகளைத் தாங்கிய எதிர்மின்சுமைச் சாயங்கள். நார்க்கழிவு அவற்றை இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளிவிடுகிறது. பருத்தி நூலே நீரில் எதிர்மின்சுமை கொள்வதால்தான் சாயத்தொட்டியில் லிட்டருக்கு ஐம்பது கிராம் அளவுக்கு உப்பைக் கொட்டிச் சாயத்தை நூலின் பக்கம் நெருக்க வேண்டியிருக்கிறது என்பதை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவரும் நான், என் ஆய்வில் அதை மறந்திருந்தேன். மெத்திலீன் நீலத்தில் கிடைக்கும் விழுக்காட்டைக் காட்டித் துணிச்சாயக் கழிவுக்குத் தீர்வு கண்டதாக எழுதும் ஆய்வறிக்கைகளைப் படிக்கும் மாணவர்கள் இந்த ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

நாங்கள் இந்த வேலையை எடுத்ததற்குக் காரணம் எங்கள் ஊர்தான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் நொய்யலின் குறுக்கே, பாசனத்துக்காக 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகி, பாசனம் பெற வேண்டிய விவசாயிகளே அந்தத் தண்ணீருக்கு எதிராக நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று உத்தரவிட்டபோது, திருப்பூரில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. இன்று பெரிய பட்டறைகள் எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்ஓ), ஆவியாக்கிகள் என்று கோடிகளில் செலவழித்து இயங்குகின்றன. வாரத்துக்கு ஒரு தொட்டியோ இரண்டு தொட்டியோ சாயம் போடும் கைத்தறிச் சாயக்காரருக்கு அந்த வழி எட்டாது. நாங்கள் நீர் எடுத்த பட்டறைக்காரர், கழிவைச் சிமெண்ட் பூசிய அகலத் தொட்டியில் வெயிலில் காயவிடுகிறார். ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பினால் வேலையை நிறுத்திவிடுகிறார். அவருடைய தொட்டிக்கு வரும் நீரில் ஒரு பகுதியையாவது திருப்பிப் பயன்படுத்த முடியுமா என்பதே எங்கள் கேள்வி.

முதலில் நான்கு பொருள்களை எடுத்தோம். காங்கேயம் பக்கத்துக் கயிற்று ஆலையில் மூட்டையாகக் கிடைத்த நார்க்கழிவு, அரிசி ஆலைக் கொதிகலனின் உமிச்சாம்பல், கொட்டாங்குச்சியில் செய்து கடையில் விற்கும் கிளர்வூட்டிய கரி, சீமைக் கருவேல மரத்தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து 450 டிகிரியில் உலையில் சுட்டு நாங்களே செய்த கரி. இவற்றைச் சோதிக்க, பட்டறைகளில் பிளாக் பி என்று அழைக்கப்படும் ரியாக்டிவ் பிளாக் 5 சாயத்தைத் தேர்ந்தெடுத்தோம். பாக்கெட்டிலிருந்து எடுத்த சாயத்தை அப்படியே கரைத்து ஆய்வு செய்வது இன்னொரு பரவலான தவறு. கழிவில் வருவது அந்த மூலக்கூறு அல்ல. சாயத்தொட்டியின் காரத்தில் அதன் சல்பேட் எஸ்டர் முனைகள் கழன்று வைனைல் சல்போன் உருவாகிறது. அதில் ஒரு பகுதி நூலோடு பிணைகிறது. மிச்சம் தண்ணீரோடு வினைபுரிந்து, இனி எந்த நூலிலும் பிணைய முடியாத நீராற்பகுத்த சாயமாகிறது. பாக்கெட் சாயத்தில் நான்கு எதிர்மின்சுமைகள் இருந்தால், நீராற்பகுத்ததில் இரண்டு சல்போனேட்டுகளே எஞ்சுகின்றன. பரப்பில் ஒட்டும் விதமும் அதற்கேற்ப மாறிவிடும். எனவே சாயத்தைக் கடும் காரமான பிஎச் 12-இல், 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கி, ஆறவைத்து, அதன் பிறகே பயன்படுத்தினோம்.

அளவீட்டில் ஏற்பட்ட இரண்டு பிழைகளை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை விழுக்காடுகளை நம் பக்கம் சாய்க்கும் பிழைகள். முதலாவது வடிதாள். நார்த்தூளை நீக்க ஒவ்வொரு குடுவையையும் வடிதாளில் வடித்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மாணவி ஒருவர், எந்தத் தூளும் போடாத வெறும் மெத்திலீன் நீலக் கரைசலை ஒப்பீட்டுக்காக வடித்தபோது, தாளின் நடுவில் ஆழ்ந்த நீல வட்டம் விழுந்திருந்ததையும், கீழே சொட்டிய நீர் வெளிறியிருந்ததையும் காட்டினார். தாளும் செல்லுலோஸ்தானே. நார்க்கழிவு எடுத்ததாக நாங்கள் எழுதிவைத்த நிறத்தில் ஒரு பங்கை வடிதாள் எடுத்திருந்தது. அன்றிலிருந்து நிமிடத்துக்கு 4,000 சுற்றில் பத்து நிமிடம் மையவிலக்கியில் சுற்றித் தெளிவை உறிஞ்சி எடுத்தோம். முந்தைய 94 விழுக்காடும் இந்த முறையில் 88-ஆக இறங்கியது.

இரண்டாவது, நார்க்கழிவே விடும் நிறம். அதன் டானினும் கரையும் லிக்னின் துணுக்குகளும் தண்ணீரைப் பழுப்பாக்குகின்றன. காரநீரில் இது இன்னும் மோசம். கருப்புச் சாயம் ஒளியை மிகுதியாக உறிஞ்சும் 597 நானோமீட்டரில் மட்டும் பார்த்தால் பழுப்பு அவ்வளவாகத் தெரியாது, கருப்புச் சாயம் குறைந்ததாகத் தோன்றும். கண்ணால் பார்த்தாலோ நீர் அழுக்காகவே இருக்கும். எனவே நீரின் நிறத்துக்கான ஐஎஸ்ஓ 7887 முறையில் சொல்லப்படும் 436, 525, 620 நானோமீட்டர் ஆகிய மூன்று அலைநீளங்களிலும் எடுப்பதை வழக்கமாக்கினோம். நார்க்கழிவைக் கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடியும் ஊறவைத்துப் பிழிந்து, பிழிநீரின் 436 அளவு ஓரிடத்தில் நிலைக்கும்வரை கழுவினோம். ஏழு தடவை ஆயிற்று. அந்தக் கழுவல் நீரும் ஒரு கழிவே என்பதையும், மலிவான பொருள் என்று சொல்லும்போது அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டோம்.

நீராற்பகுத்த கருப்பில், லிட்டருக்கு 100 மில்லிகிராம் செறிவில், கழுவிய நார்க்கழிவு 9 விழுக்காடே எடுத்தது. உமிச்சாம்பலில் இருப்பது பெரும்பகுதி சிலிக்கா. அதுவும் எதிர்மின்சுமைப் பரப்புதான். சாம்பலில் எரியாமல் தங்கிய கரியால் ஓரளவு நிறம் குறைந்தாலும், நீரின் பிஎச் 10-க்கு ஏறியதும், தூள் அரை நாளாகியும் படியாமல் மிதந்ததும் அதைக் கைவிடப் போதுமானவையாக இருந்தன. கொட்டாங்குச்சிக் கரியின் துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்குக் குறைந்தவை. பெரிய அசோ சாய மூலக்கூறு (இரு நைட்ரஜன் அணுக்களின் பிணைப்பால் நிறம் பெறுவது) அவற்றுக்குள் நுழையத் திணறுவதால், விலைக்கேற்ற பயன் கிடைக்கவில்லை. கருவேலக் கரி துளையளவில் பொருத்தமாக இருந்தபோதிலும், பாஸ்பாரிக் அமிலத்தில் செய்த கரியின் பரப்பு அமிலத் தன்மை கொண்டது என்பதால் நடுநிலை நீரில் அதுவும் இந்தச் சாயத்தைத் தள்ளியது. உலையின் மின்செலவையும் அமிலத்தையும் சேர்த்தால் சிறு பட்டறை தானே செய்துகொள்ளக்கூடிய பொருளும் அது அல்ல.

இந்தக் கட்டத்தில் மாணவியர், சாயம் ஒட்டும் வேகத்தைக் காட்டும் இயக்கவியல் வரைபடங்களைக் கொண்டுவந்தார்கள். போலி இரண்டாம் வரிசைச் சமன்பாட்டில் எல்லாப் பொருள்களுக்கும் நேர்கோடு, 1 என்றால் முழுப் பொருத்தம் என்னும் அளவில், 0.99-க்கு மேல் பொருந்தியிருந்தது. நேரத்தை, அதுவரை ஒட்டிய சாயத்தின் அளவால் வகுத்து நேரத்துக்கு எதிராக வரைந்தால், இரண்டு அச்சிலும் நேரமே இருப்பதால், ஏறக்குறைய எந்தத் தரவும் நேர்கோடாகிவிடும். அதைக் கொண்டு வேதிப்பிணைப்பு நடந்தது என்று முடிவு கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதைவிட எங்களுக்கு உதவியது, மின்சுமை சுழியாகும் பிஎச்சைக் கண்டறியும் எளிய சோதனை. 0.1 மோலார் சோடியம் குளோரைடு கரைசல்களைப் பிஎச் 2 முதல் 11 வரை வைத்து, ஒவ்வொன்றிலும் பொருளைப் போட்டு, ஒரு நாள் கழித்துப் பிஎச் எங்கே மாறாமல் இருக்கிறது என்று பார்ப்பதே அது. கழுவிய நார்க்கழிவுக்கு அது 5.6 என்று வந்தது. அதற்குக் கீழே நீரின் பிஎச் இறங்கினால்தான் பரப்பு நேர்மின்சுமை கொள்ளும். பிஎச் 2-க்கு இறக்கினால் வெறும் நார்க்கழிவும் கருப்பைப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அவ்வளவு அமிலத்தைத் தொட்டி தொட்டியாக ஊற்றும்படி ஒரு பட்டறைக்காரரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனவே பரப்பை மாற்ற முடிவு செய்தோம். இறால் ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசானில் உள்ள அமின் தொகுதிகள் பிஎச் 6-க்குக் கீழே நேர்மின்சுமை பெறுகின்றன. அதை மட்டும் தூளாகப் போட்டால் செலவு அதிகம், நீர் வடியாமல் வழுவழுப்பாகிவிடும். ஆகவே நார்க்கழிவின் மேல் மெல்லிய பூச்சாகக் கொடுத்தோம். 2 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் 50 கிராம் கைட்டோசானை இரவு முழுதும் கரைத்தால் இரண்டரை லிட்டர் தேன்பதக் கரைசல் கிடைக்கிறது. அதைக் காய்ந்த நார்க்கழிவு ஒரு கிலோவின் மேல் ஊற்றி, புட்டுமாவு பிசைவதுபோல் விரல்களால் உதிர்த்து உதிர்த்துப் பிசைந்தால், நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை ஏற்கும் பொருள் என்பதால், ஒரு துளியும் வெளியே நிற்பதில்லை. பிறகு லிட்டருக்கு 20 கிராம் காஸ்டிக் சோடா கொண்ட நீரில் அரை மணி நேரம் மூழ்கவைத்தோம். கைட்டோசான் மறுபடியும் திடமாகி நாரோடு ஒட்டிக்கொள்கிறது. நடுநிலையாகும்வரை அலசி, நிழலில் ஒரு நாளும் வெயிலில் ஒரு நாளும் காயவைத்தோம். இந்தப் பூசிய நார்க்கழிவு, பிஎச் 4.5-இல், 100 மில்லிலிட்டருக்கு அரை கிராம் என்ற அளவில், கருப்பில் 94 விழுக்காட்டை எடுத்தது.

மகிழ்ச்சி ஒரு வாரம்தான். பிஎச் இறக்க நாங்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துவந்தோம். நீண்ட நேரம் குலுக்கிய குடுவைகளில் நீர் மங்கலாகி, விரலில் தொட்டால் கஞ்சித் தண்ணீர்போல் வழுக்கியது. பூச்சு கரைந்துகொண்டிருந்தது. குளுட்டரால்டிஹைடு கொண்டு குறுக்குப்பிணைப்புச் செய்து, அதாவது பூச்சின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துவிட்டு, கரையாமல் நிறுத்துவதே புத்தகங்களில் சொல்லும் வழி. மூக்கை எரிக்கும் அந்தப் பொருளைப் பட்டறைக்குள் கொண்டுபோக நான் விரும்பவில்லை. அப்போதுதான் கைட்டோசான் நீர்த்த சல்ப்யூரிக் அமிலத்தில் கரையாது என்ற அடிப்படைச் செய்தி நினைவுக்கு வந்தது. அமிலத்தை மாற்றியதும் மங்கல் நின்றது. சல்பேட் அயனிகளும் அதே அமின் தொகுதிகளுக்குப் போட்டியிடுவதால் சாயம் ஒட்டுவது குறையும் என்பதும் தெரியும். லிட்டருக்கு 40 கிராம் சோடியம் சல்பேட் சேர்த்துப் பார்த்தபோது 94 விழுக்காடு 71-ஆகக் குறைந்தது. அதாவது ஒரு கிராம் பொருள் எடுத்த சாயம் 18.8 மில்லிகிராமிலிருந்து 14.2-க்கு இறங்கியது. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டோம்.

இதுவரை நாங்கள் நிறத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். தெளிந்த நீர் ஒரு லிட்டரைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, பட்டறைக்காரர் பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, “தண்ணி வெளுத்திருச்சுங்க சார், ஆனா உப்பு அப்படியே கெடக்குமுங்களே?” என்று கேட்டார். அவர் கேட்டது சரி. தமிழ்நாட்டில் வெளியேற்றும் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சாயத்தொட்டி நீரில் அது அறுபதாயிரத்தைத் தொடும். இப்படிச் சாயத்தைத் தன் பரப்பில் ஒட்டவைக்கும் எந்தப் பரப்புக்கவர்ப்பொருளும் அந்த உப்பை எடுக்காது. நிறமற்ற உப்புநீர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் நிலத்துக்கு அதுவே கூடுதல் ஆபத்து. “ஆமாங்க அண்ணா, உப்பு போகாது” என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்து, “உப்பு போகலீன்னா அடுத்த தொட்டிக்கு அதையே ஊத்திக்கலாமுங்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகே எங்கள் வேலை திசை திரும்பியது.

அவர் பயன்படுத்துவது சமையல் உப்பு அல்ல, கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட். லிட்டருக்கு 50 கிராம். அதோடு சாயத்தைப் பிணைக்கச் சோடா சாம்பல் 15 கிராம். நாங்கள் பிஎச் இறக்கச் சேர்க்கும் சல்ப்யூரிக் அமிலம் அந்தச் சோடாவோடு வினைபுரியும்போது உருவாவதும் சோடியம் சல்பேட்டே. 106 கிராம் சோடாவும் 98 கிராம் அமிலமும் சேர்ந்து 142 கிராம் சல்பேட்டைத் தருகின்றன. ஆக, லிட்டருக்கு 15 கிராம் சோடா இருந்தால் 20 கிராம் சல்பேட் கூடுதலாகக் கிடைக்கும். பூச்சு கரையாமலிருக்கத் தேர்ந்தெடுத்த அமிலமே, பட்டறைக்காரர் காசு கொடுத்து வாங்கும் உப்பையும் உண்டாக்குகிறது. அலசல் நீர்களைக் கலக்காமல், முதல் தொட்டி நீரை மட்டும் தனியாக இறக்கிவைக்கும்படி அவரிடம் கேட்டுக்கொண்டோம். அந்த நீரில் 620 அளவை வைத்துக் கணக்கிட்டதில் லிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராம் சாயம் இருந்தது.

அமிலம் சேர்ப்பதில் ஓர் எச்சரிக்கை. சோடா நீரில் அமிலம் விழுந்தால் கார்பன் டைஆக்சைடு பொங்கும். இருபது லிட்டர் வாளியில் பதினைந்து லிட்டர் வைத்துக்கொண்டு நான் சற்று வேகமாக ஊற்றியதில், கருநுரை வாளியின் விளிம்பைத் தாண்டி ஆய்வகத் தரையில் வழிந்தது. அந்தக் கறை இன்னும் இருக்கிறது. வாளியைப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. அமிலத்தை முன்பே பத்து மடங்கு நீரில் மெதுவாக விட்டு நீர்க்கச் செய்து ஆறவைத்திருக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்துவைத்து, துடுப்பால் கலக்கிக்கொண்டே சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். லிட்டருக்குச் செறிவான அமிலம் 7 மில்லிலிட்டரைச் சற்றுத் தாண்டியபோது பிஎச் 4.5-க்கு வந்தது.

அடுத்தது குழாய்ப் படுகை. முதலில் இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் பூசிய நார்க்கழிவை உலர்வாக நிரப்பினோம். நீர் பட்டதும் அது உப்பி, மேலே அடைத்த பஞ்சைத் தள்ளி எழுந்தது. அடங்கிய பிறகு கவனித்தால், கருப்பு எல்லா இடத்திலும் சமமாக இறங்காமல், குழாயின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி நூல் பிடித்தாற்போல் ஒரு கோடாக ஓடி, அடியை எட்டியிருந்தது. மறுபக்கத்து நார் பழுப்பு மாறாமல் அப்படியே இருந்தது. கண்ணாடிக் குழாய் என்பதால் இது தெரிந்தது. நேரே பிவிசி குழாயில் செய்திருந்தால் பொருள் மோசம் என்று எழுதியிருப்போம். அதன் பிறகு நார்க்கழிவை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, பருமணலோடு கலந்து, ஈரமாகவே கைப்பிடி கைப்பிடியாக இறக்கி, ஒவ்வொரு கைப்பிடிக்கும் குழாயைத் தட்டி நிரப்பினோம். நீரைக் கீழிருந்து மேலாக விட்டதும் கருப்பு சமமான வளையமாக ஏறியது.

பெரிய படுகை நான்கு அங்குல பிவிசி குழாயில், 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு. அதில் பூசிய நார்க்கழிவு 300 கிராம், மிச்சம் மணல். மணல் எங்களுக்கு இன்னொரு பாடம் கற்பித்தது. வெளிவரும் நீரின் பிஎச் 4.5-லிருந்து 6.8-க்கு ஏறி, நிறம் பாதியாகக்கூடக் குறையவில்லை. மணலில் ஒரு துளி அமிலம் விட்டபோது சுண்ணாம்பு பொங்கியது. கிளிஞ்சல் துணுக்குகள் கலந்த அந்த மணல் அமிலத்தைத் தின்றதோடு நீரின் கடினத்தன்மையையும் ஏற்றியிருந்தது. சாயத்தொட்டிக்குக் கடின நீர் ஆகாது. மணலைப் பொங்கல் நிற்கும்வரை நீர்த்த அமிலத்தில் கழுவி, மீண்டும் நிரப்பினோம்.

மேலே வைத்த டிரம்மிலிருந்து, சொட்டுநீர்ப் பாசன வால்வு வழியாக, நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டர் விட்டோம். படுகையிலேயே இருந்த பழைய நீர் கலந்து வரும் என்பதால் முதல் மூன்று லிட்டரை ஒதுக்கினோம். குடுவைச் சோதனையின் கணக்குப்படி 23 லிட்டர்வரை தாங்க வேண்டும். 11 லிட்டரில் நிறம் எட்டிப் பார்த்தது. வந்த நிறம் நீலமோ கருப்போ அல்ல, வெளிறிய செம்மஞ்சள். கடைகளில் விற்கும் ரியாக்டிவ் கருப்புகளில் பல, பிளாக் 5 சாயத்தோடு ஆரஞ்சும் சிவப்பும் கலந்த கலவைகள். அவற்றில் பிடிமானம் குறைந்தது முதலில் நழுவி வருகிறது. 436 ஏறத் தொடங்கியபோது 620 அசையவே இல்லை. கருப்பின் உச்ச அலைநீளத்தில் மட்டும் அளந்திருந்தால், இன்னும் பல லிட்டர் நல்ல நீர் என்று நம்பிச் சேகரித்திருப்போம்.

சேகரித்த நீரில் 50 மில்லிலிட்டரை வற்றவைத்து எடை போட்டதில் 3.3 கிராம் உப்பு நின்றது, லிட்டருக்கு 66 கிராம். அதைச் சோடாவால் நடுநிலையாக்கி, புதிதாக உப்புச் சேர்க்காமல், பத்து கிராம் சிட்டம் ஒன்றுக்கு 3 விழுக்காடு கருப்புச் சாயம் போட்டோம். பக்கத்தில் நல்ல நீரும் புது உப்பும் கொண்டு இன்னொரு சிட்டம். பட்டறைக்காரர் இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய், காலை வெளிச்சத்தில் இழைகளை விரித்து, ஈர விரலால் தேய்த்து, முறுக்கிப் பார்த்து, “கருப்புல ஒண்ணும் தெரியலீங்க சார். எலுமிச்சை மஞ்சள் போட்டுப் பாருங்க, அதுல தெரிஞ்சிரும்” என்றார். போட்டுப் பார்த்தோம். மஞ்சள் மங்கி, பச்சைச் சாயல் தட்டியது. ஆகவே இந்த நீர் கருப்பு, கருநீலம், கரும்பச்சை போன்ற ஆழ்ந்த நிறங்களுக்கு மட்டுமே என்று வரையறுத்தோம். அவருடைய தொட்டிகளில் பாதிக்கு மேல் அந்த நிறங்களே என்பது எங்களுக்கு ஆறுதல்.

செலவைப் பார்த்தால், பத்து கிலோ நூல் போடும் 200 லிட்டர் தொட்டிக்கு ஒரு சுற்றில் ஐந்தரை கிலோ பூசிய நார்க்கழிவு தேவை. அது அதிகம். ஆனால் லிட்டருக்கு 4 கிராம் காஸ்டிக் கொண்ட நீர் இரண்டு லிட்டர் விட்டால் பிடித்த சாயத்தில் பெரும்பகுதி கழன்று, மையைப்போல் அடர்ந்து வெளியேறுகிறது. அதன் பிறகு அதே படுகை இரண்டாம் சுற்றில் 9 லிட்டரும், மூன்றாம் சுற்றில் 6 லிட்டரும் தந்தது. மூன்றையும் சேர்த்தால் 200 லிட்டருக்கு 2.3 கிலோ போதும். கைட்டோசான் 115 கிராம் அளவில் அதில் அடங்குகிறது. திரும்பக் கிடைக்கும் உப்போ 12 கிலோவுக்குக் குறையாது. காஸ்டிக்கில் கழன்ற மைநீர் ஆவியாக்கும் தொட்டிக்குத்தான் போகிறது. அங்கே போகும் நீரின் அளவு பல மடங்கு குறைந்திருக்கிறது, அவ்வளவே.

தீர்ந்துபோன நார்க்கழிவைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு நல்ல கருமண்போல் இருக்கும். மாடித்தோட்டத்துத் தொட்டிகளில் நார்க்கழிவு போட்டுப் பழகிய கைகளுக்கு அதையும் செடிக்குப் போடலாமே என்று தோன்றும். போடவே கூடாது. காற்றில்லாத ஈரத்தில் நுண்ணுயிர்கள் அசோ பிணைப்பை உடைத்து அரோமாட்டிக் அமின்களை உண்டாக்கும். அவற்றில் சில புற்றுநோய் வருவிப்பவை. அடுப்பில் எரிப்பதும் கூடாது. மூன்று சுற்று முடிந்த படுகையிலிருந்து எடுத்ததை மணல் நீக்கி, வெயிலில் உலர்த்தி, உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட சாக்கில் கட்டி, மேலே தேதியும் சாயத்தின் பெயரும் எழுதிவைத்திருக்கிறோம். பட்டறைக்காரரின் தொட்டிச் சகதியோடு சேர்த்து, உரிமம் பெற்ற அபாயக் கழிவு வண்டியில் அனுப்புவதாக ஏற்பாடு.

தைப்பொங்கல் கழிந்ததும் 200 லிட்டர் நீல டிரம்மில் இரண்டு படுகைகளை வரிசையாக இணைத்து முழுத் தொட்டிக்கு ஓட்ட இருக்கிறோம். முதல் படுகையில் செம்மஞ்சள் கசியும்போது இரண்டாவது பிடித்துக்கொள்ளும். முதலாவதை முழுதாக நிரம்பவிட்டுக் கழற்றலாம். அதற்கான நார்க்கழிவு பதினொரு கிலோ கழுவி முடிந்தது. மாணவியர் பூச்சு வேலையில் இருக்கிறார்கள்.